கிடார் செய்யும் தம்பிக்கு

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய கிடார்க் கழுத்துப் படங்களை உன் அக்கா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். வேலை சுத்தம். மகோகனியில் ரேகை நேராக ஓடுகிறது, ஓரிடத்திலும் பிய்க்கவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர்கள் ஒருவர் விடாமல் காட்டிவிட்டேன். பர்மாத் தேக்கு நிலைக்கதவு விற்கிறவர்களுக்கு இது என்ன புரியும் என்கிறாள் உன் அம்மா. புரியாவிட்டால் போகட்டும்.

குறையும் சொல்ல வேண்டும். கழுத்தின் மேல் மட்டக்கோலை வைத்தால் அதன் நுனி, கம்பிகளைக் கட்டுகிற பிரிட்ஜின் தலையை உரசிக்கொண்டு போக வேண்டும் என்று போன பொங்கலுக்கு நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். படத்தில் அது பிரிட்ஜின் பாதி உயரத்தில் போய் முட்டுகிறது. கழுத்து உடம்போடு சேருமிடத்தில் இருக்கும் ஹீலின் அடியில் சீவு, மேலே வர வர ஒன்றுமில்லாமல் ஆக்கு. அடியில் 1 மில்லி எடுத்தால் பிரிட்ஜ் பக்கம் ஏறக்குறைய 3 மில்லி ஏறும். உளியால் எடுத்தபின் உப்புத்தாள் கீற்றைச் சொரசொரப்பு ஹீலைப் பார்க்கும்படி ஹீலுக்கும் உடம்புக்கும் நடுவில் கொடுத்து உருவு. இரண்டு கன்னத்திலும் ஒரே அளவு தேய வேண்டும். எந்தக் கன்னத்தில் அதிகம் போகிறதோ தலை அந்தப் பக்கம் சாயும், நூல் பிடித்துப் பார்த்துக்கொள். இந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை கழுத்தை அழுத்திப் பிடிக்க, ஒரு கை உருவ.

கழுத்தை உடம்பில் பொருத்தும் கழுந்தைப் போல்ட் போட்டு முடுக்குகிறாய் என்றதும் அன்றைக்குச் சிரித்தேன். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும், வருஷம் போகப் போகக் கழுத்து எழும்பும், அப்போது கழற்றிச் சரிசெய்ய வழி வேண்டும் என்றாய். சரிதான். வீட்டில் யாரையும் கேட்காமல் பெங்களூர் போனவனுக்கு இவ்வளவு யோசனை இருக்கிறது.

அப்புறம் கழுத்தின் முதுகை உருட்டுவது. தடித்த கம்பிப் பக்கம் சதை அதிகமாக நிற்கிறது, மெல்லிய கம்பிப் பக்கம் ஒட்டியிருக்கிறது. எடுத்த எடுப்பில் உருட்டக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? பட்டை பிடி, பட்டையின் மூலையை மறுபடி பட்டை பிடி, கடைசியில்தான் உருட்டு. கழுத்தின் கனம் முதல் மெட்டில் 21 மில்லி, பத்தாவது மெட்டில் 23. அதற்குக் கீழே போகாதே, உள்ளே கழுத்து வளையாமல் தாங்கும் டிரஸ் ராட் தண்டு ஓடுகிறது.

அரத்தின் கோடுகளும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. உன் கை எனக்குத் தெரியும், நீ எட்டாவது படிக்கும்போது அரம் போட்ட அரிவாள்மனைப் பலகை இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. நீ இடது கையால் அரம் பிடித்து நான் பார்த்ததில்லை. படங்களிலும் இடது கைதான் தெரிகிறது. போட்டோ எடுக்க ஒரு கை வேண்டுமே என்று அக்கா சொல்கிறாள். இருக்கும்.

பேண்ட்சாவில் பக்கம் வெட்டும்போது கட்டையைத் தள்ள இன்னொரு கட்டையை வை, விரலை வைக்காதே. தூக்கக் கலக்கத்தில் மெஷின் பக்கம் போகாதே. கண்டனூர்ப் பெரியப்பா டீ டம்ளரைப் பிடிக்கிற விதத்தை நீ பார்த்திருக்கிறாய். நான் வேறொன்றும் சொல்லவில்லை. மெஷினில் விரலை வைக்காதே.

உன் அம்மா கொப்புடையம்மன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். சித்தப்பா வீட்டு விசேஷம் முடிந்தது, நீ வராததை எல்லோரும் கேட்டார்கள். ஊஞ்சல் பலகையில் உடைந்த ஈட்டித் துண்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், உன் விரல்பலகைக்கு ஆகும். வெடிப்பில்லை, நன்றாகக் காய்ந்த மரம். பார்சலில் போடவா, நேரில் கொண்டுவரவா? வந்தால் ஒரு நாள் தங்குவேன், உனக்குத் தொந்தரவு இருக்காது.

இதற்குப் போனில் பதில் அடிக்காதே. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். ஒரு தாளில் பேனாவால் நாலு வரி எழுதித் தபாலில் போடு. உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அப்பா