கோட்டை வாசல் மீன்

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருப்பதை அம்மா சொல்லித்தான் அறிகிறேன். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, கடைக்குள் இருக்க முடியவில்லை, கணக்குக் கொப்பியெல்லாம் தூசி. உன் கணக்கில் ஐயாயிரம் போட்டேன். காலையில் சாப்பிடாமல் விரிவுரைக்குப் போகாதே. தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் சாப்பாடு இல்லை.

பெரியமாமா வந்திருந்தார். "சின்னக் கம்பஸ்தானே, அங்கே சரித்திரம் படித்து என்ன செய்யப்போகிறாள்?" என்று கேட்டார். உங்கள் கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் கல்லூரியாகத் தொடங்கி ஐந்தே வருடத்தில் பல்கலைக்கழகமான இடம் என்றேன். உங்கள் பாடத்தில் பதினொரு பேர்தான், கையெழுத்தைப் பார்த்தே யார் எழுதியது என்று விரிவுரையாளர் சொல்லுவார், பெரிய இடங்களில் அது கிடைக்குமா என்றும் கேட்டேன். மாமா பேசவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனாலும் ஆங்கில வகுப்பை விடாதே. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போ. கொம்பியூட்டர் சான்றிதழும் ஒன்று எடுத்து வை. பட்டம் வாங்கின பிள்ளைகள் வேலை கேட்டு வீதியில் குந்தியிருந்ததை நீயும் பார்த்தாய்தானே. பயப்படுத்தச் சொல்லவில்லை. ஆங்கிலத்தை மட்டும் விடாதே.

ஆடி அமாவாசைக்கு நீ வரவில்லை. சரி, பரீட்சை. அதற்கு முந்தின லீவுக்கும் வரவில்லையே. கம்பஸ் வாசலில், வந்தாறுமூலையில் பஸ் ஏறினால் வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா, பிறகு வீடு. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முந்தி பாதைப் படகுக்காக வெயிலில் காத்து நின்றுதான் மூதூருக்குப் போய் அப்பம்மாவைப் பார்த்து வந்தேன். ஒரு மாதமும் தவறவில்லை.

மகள், இதை எழுதத்தான் மூன்று நாளாகக் கடுதாசியை வைத்துக்கொண்டிருக்கிறேன். சாம்பல்தீவுக் கல்யாண வீட்டில் லண்டன்காரர் கேட்டபோது, நீ மனேஜ்மென்ட் படிக்கிறாய் என்று சொன்னேன். நீ வெற்றிலைத் தட்டோடு பின்னால் நின்றாய். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் நடக்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். அன்றிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை.

பேச்சு வாக்கில் வந்துவிட்டது என்று முதலில் எழுதிக் கிழித்தேன். அது பொய். சரித்திரம் என்று சொல்ல அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை வைத்து வெட்கப்பட்டேன். பிழை என்னுடையது.

சின்ன வயதில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசல் கல்லில் இருக்கும் இரண்டு மீனையும் தொட்டுப் பார்க்கத் தூக்கச் சொல்லி அடம்பிடிப்பாய். நாற்பது வருடம் அந்த வாசலால் போய்வந்த எனக்கு அவை வெறும் மீன். "இணைக்கயல் அப்பா, பாண்டியரின் சின்னம். போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லால்தான் கோட்டை கட்டினார்கள்" என்று முதலாம் வருட லீவில் நீதான் காட்டித் தந்தாய்.

இன்று பூசை முடிந்து வரும்போது அதில் நின்று படம் எடுத்தேன். போனில் அனுப்பியிருக்கிறேன். மீனுக்குப் பக்கத்து எழுத்தில், கோயில் திருப்பணி செய்த மன்னன் குளக்கோட்டன் பெயர் மட்டும் பிடிபடுகிறது, கீழ் வரிகள் தேய்ந்து கிடக்கின்றன. நீ அதை எப்படி வாசிப்பாய் என்று எனக்கு எழுது. அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அப்பா