டானர் கணவாயில் துணைநின்றவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர்,

அன்றிரவு கலிபோர்னியாவின் டானர் மலைக் கணவாயில், இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில், எங்கள் பிக்கப் வண்டியின் டயர்ச் சங்கிலி அறுந்து நாங்கள் பனியில் தவித்து நின்றது உங்களுக்கெல்லாம் தெரியும் என்பதால் அதை முழுவதும் மறுபடி விவரிக்கவில்லை. நால்வரும் நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

விடியும்வரை தொலைபேசியில் கூடவே இருந்த சாக்ரமெண்டோ நண்பர்கள், ரோந்துக் காவலர், பனி அள்ளும் வண்டியின் ஓட்டுநர், குழந்தைகளுக்குக் கம்பளி தந்த ரீனோ தம்பதியர் ஆகிய எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஆயினும் பெயர்கூடச் சொல்லாமல் போன அந்த லாரி ஓட்டுநரைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்குப் பனி டயரும் இருந்தால், ஆர்-2 எனப்படும் பனிக்காலச் சாலைக் கட்டுப்பாட்டின்போது, டயரில் மாட்டும் சங்கிலியை வண்டியில் வைத்திருந்தாலே போதும் என்பது கலிபோர்னியா விதி. ஆனால் நான்கு சக்கரமும் இழுப்பது மேட்டில் ஏறத்தான் உதவும். பனி இறுகிய இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானம் மட்டுமே. அதனால்தான் பின்சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டியிருந்தோம். அதில் டயரின் மேல் குறுக்காக ஓடும் ஒரு சங்கிலித் துண்டு அறுந்து, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் அடிக்கத் தொடங்கியபோது, கூலிக்குச் சங்கிலி மாட்டித் தருபவர்கள் எவரும் அங்கே இல்லை.

தம் லாரிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், கேட்காமலே வந்து, சேற்றுப்பனியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுப் படுத்துவிட்டார். உள்பக்கக் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் மாட்ட வேண்டும் என்பதால் கையுறையைக் கழற்றிவிட்டார். அறுந்த இடத்தில் ஒரு மாற்றுக் கண்ணியைக் கோத்துக் குறட்டால் நெரித்து, கொக்கி முனைகள் டயரை உரசாதபடி வெளிப்புறமாகத் திருப்பி முடிப்பதற்குள் அவர் விரல் மூட்டில் இரத்தம் கசிந்திருந்தது.

அதைவிடப் பெரிது, அதன் பிறகு அவர் செய்தது. மாட்டிய சங்கிலி சிறிது தூரம் ஓடியதும் தளரும், நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்று சொன்னதோடு நில்லாமல், முன்னால் போய் அடுத்த ஒதுக்கிடத்தில் பாரம் ஏற்றிய லாரியை நிறுத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். இடப்பக்கச் சங்கிலியில் இரண்டு கண்ணி தளர்ந்துதான் இருந்தது. அதை இறுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

இனிக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வண்டியில் மாற்றுக் கண்ணிகளும் குறடும் விரிப்பும் இருக்கும். வழியில் எவர் தவித்து நின்றாலும் நிறுத்துவோம். வீட்டில் இன்னொரு ஜோடிச் சங்கிலி சும்மா கிடக்கிறது. தாஹோ ஏரிப் பக்கம் செல்பவர்கள் டயரின் பக்கவாட்டிலுள்ள அளவைப் பார்த்துச் சொன்னால், பொருந்துமானால் எடுத்துச் செல்லலாம்.