‘எங்கள் தெரு’ ஓவியப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

‘எங்கள் தெரு’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்து, செல்போன் படத்தைப் பார்த்து வரையச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தில் பக்கத்துக் கட்டடம் பெருத்தும் தெருக்கோடி சுருங்கியும் தெரியும். நிழல் கறுத்துப்போயிருக்கும். பிள்ளைகள் அதை நம்பிக் கறுப்பைக் குழைக்கிறார்கள். நேரில் பார்த்தால் வேப்பமர நிழலில் வானத்து நீலம் கலந்திருக்கும். அந்த நிழல் நிறத்துக்கு அல்ட்ராமரின் நீலத்தோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு வண்ணம்) சேர்த்தால் போதும்.

10 மணிக்குப் பதில் காலை 6.30க்குத் தொடங்குங்கள். உச்சிவெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். நீர்வண்ணமும் பரவுமுன் காய்ந்து, ஓரங்களில் கோடாகப் படியும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதனால் முதல் 10 நிமிடத்தில் நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு மாற்றாமல் இருக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். மெல்லிய டிராயிங் ஷீட் நனைந்ததும் மேடுபள்ளமாகி, பள்ளத்தில் வண்ணம் தேங்கும்.

அதிகம் கெடுவது மரமும் மனிதர்களும்தான். இலைகளுக்கிடையே தெரியும் வானத்துண்டுகளை, திறந்த வானத்தைவிடச் சற்று மங்கலாகத் தீட்டவேண்டும். வெள்ளையாக விட்டால் ஓட்டைபோல் துருத்தும். மரத்தடி ஒளிப்பொட்டுகள் பெரும்பாலும் இலை வடிவில் விழுவதில்லை. அவை சூரியனின் பிம்பங்கள், சாய்ந்த வெயிலில் நீள்வட்டமாகும். சமதளத் தெருவில் முக்காலியில் அமர்ந்து வரையும் பிள்ளைக்குக் கண்மட்டக் கோடு (வரைபவரின் கண் உயரத்தில் படத்தின் குறுக்கே போகும் கோடு), அருகில் நிற்பவர், தூரத்தில் நிற்பவர் எல்லோருடைய இடுப்பையும் ஒட்டியே போகும். இந்த ஒன்று பிடிபட்டால் மனிதர்கள் அந்தரத்தில் மிதக்கமாட்டார்கள்.

நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்கம்பி, டிரான்ஸ்பார்மர், இஸ்திரி வண்டி, கம்பிக்காகக் கிளை வெட்டப்பட்ட புங்கமரம் எல்லாம் இருக்கும் படத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். 1897இல் ஓவியர் காமிய் பிஸ்ஸாரோ பாரிஸ் விடுதிச் சன்னலிலிருந்து மோன்மார்த்ர் சாலையை 14 படங்களாகத் தீட்டினார். வண்டிகளும் நெரிசலும் மொட்டை மரங்களும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. சுத்தம் செய்யப்பட்ட தெருவுக்குப் பரிசு கொடுத்தால், பார்த்ததை அழிக்கவே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்த போட்டியின் விதிகளில் ‘புகைப்படம் பார்த்து வரையக்கூடாது’ என்று சேருங்கள். வண்டி ஓட்டம் குறைந்த தெருவில், நிழல் விழும் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள். தாளில் நேர்வெயில் பட்டால் கண் கூசும். பிள்ளைகள் வண்ணங்களை வேண்டியதைவிட அடர்த்தியாகக் கலந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நீர்வண்ண ஓவியப் பயிற்சியாளர்கள் சிலர்