போர்டு ஹைஸ்கூல் மன்ற ஏடுகளைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊர் ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளியில், 1950-களிலும் 60-களிலும் நடைபெற்ற மாணவர் மன்றங்கள், காலை வழிபாட்டுக் கூட்டங்கள் ஆகியவை பற்றிய ஏடுகளையும் படங்களையும் திரட்டி, பள்ளியின் நடுக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்து, படியெடுத்துக் கட்டிய தொகுதிகளைப் பள்ளி நூலகத்தில் ஒப்படைக்கும் பணி இனிதே நிறைவேறியது. இப்பணிக்குத் துணை நின்றவர்களுக்குப் பழைய மாணவர்கள் அனைவரின் சார்பிலும் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன். பெயர் குறிப்பிட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டமையால் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. ஊரார்க்கு அடையாளம் தெரியும்.

முதல் நன்றி, எங்கள் தமிழாசிரியர் புலவர் ஐயாவின் மகளாருக்கு உரியது. தமிழ் இலக்கிய மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகளைத் தகரப் பெட்டியில் வேப்பிலையும் வசம்பும் இட்டு, மூன்று முறை வீடு மாறியும் கைவிடாமல் அந்த அம்மையார் வைத்திருந்தார். பள்ளியில் இருந்த மற்ற மன்றங்களின் ஏடுகள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. இன்று நம் கையில் இருப்பவற்றுள் பெரும்பகுதி அவர் காத்தவையே.

அவ்வேடுகளைப் படித்த பிறகுதான், மன்றம் எவ்வாறு நடந்தது என்பது எங்களுக்கே முழுமையாக விளங்கியது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளையில் யார் பேசுவது என்பதைப் புலவர் ஐயா தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் எந்த வரிசையில் உள்ளதோ அதே வரிசையில் மாணவர்கள் மேடை ஏற வேண்டும். குரல் வளம் உள்ளவன், ஊர்ப் பெரியவர் வீட்டுப் பிள்ளை, முதல் பெஞ்சில் இருப்பவன் என்ற சலுகை எதுவும் அதில் இல்லை. ஒருவர் விடாமல் பேசிய காரணத்தால்தான் அந்த மன்றத்தை இன்றும் நினைக்கிறோம் என்பது என் கருத்து. பரிசுக் கோப்பைகளுக்காக நான்கைந்து பேச்சாளர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் வழக்கம் பின்னாளில் வந்தபோது, மன்றம் பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ஐயா எழுதிய குறிப்புகள் சுருக்கமானவை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி, "மூன்று குறள் சொன்னான். நான்காவது மறந்தான். அடுத்த வாரம் சொல்வான்" என்று ஓரிடத்தில் உள்ளது. அடுத்த வாரத்துப் பக்கத்தில் அதே மையில் ஒரே ஒரு சொல்: "சொன்னான்."

மன்றக் கூட்டத் தொடக்கத்தில் பாடப்பட்ட பாடலைப் பற்றி எங்கள் தொகுப்பு நூலில் எழுதுவதற்கு உதவிய இரண்டு அம்மையார்களுக்கும் நன்றி. "நீராருங் கடலுடுத்த" என்னும் மனோன்மணீயப் பாடலை அரசு விழாக்களின் தமிழ்த்தாய் வாழ்த்தாகத் தமிழக அரசு 1970-இல் அறிவிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தொடர்பால் அது எங்கள் மன்றத்தில் பாடப்பட்டு வந்தது. எம். எஸ். விஸ்வநாதன் அமைத்த இன்றைய மெட்டுக்கு முன், தங்களுக்குக் கற்பிக்கப்பட்ட மெட்டில் இருவரும் அதனைப் பாடிக் காட்டினார்கள். ஒலிப்பதிவு நூலகத்தில் உள்ளது. அந்நாளில் பாடுவதற்குப் பெண் பிள்ளைகள், பேசுவதற்கும் பொறுப்பு வகிப்பதற்கும் ஆண் பிள்ளைகள் என்றே ஏற்பாடு இருந்தது. வருகைப் பதிவேட்டு வரிசைகூட மாணவர்களுக்கு மட்டுமே பின்பற்றப்பட்டது என்பதையும், செயலாளர் பட்டியலில் ஒரு மாணவியின் பெயர் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் அவர்கள் எடுத்துச் சொன்ன பிறகே நூலில் சேர்த்தோம். புலவர் ஐயாவைப் போற்றும் நூலில் இதைச் சேர்க்கலாமா என்று சிலர் தயங்கினார்கள். சேர்க்கத்தான் வேண்டும் என்று முதலில் சொன்னவர் ஐயாவின் மகளாரே.

காலை வழிபாட்டுக் கூட்டம் பற்றிய செய்திகளைத் தந்தவர்கள் ஓய்வு பெற்ற கணித ஆசிரியரும், அக்காலத்தில் மாணவர் தலைவராக இருந்த பெரியவர் ஒருவரும் ஆவர். இரண்டாம் மணி அடித்ததும் வகுப்பு வாரியாக வரிசை, கடவுள் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு, தலைமையாசிரியரின் அறிவிப்பு, திங்கட்கிழமை என்றால் கொடியேற்றம் என்பது ஒழுங்கு. செய்தித்தாள் ரயிலில் வந்து சேர முற்பகல் ஆகிவிடும்; ஆகவே காலையில் வாசிக்கப்பட்டவை எல்லாம் முந்திய நாள் தாளின் செய்திகளே. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு மாறி, ரூபாய்க்கு நூறு நயாபைசா என்பது 1957 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, வழிபாட்டுக் கூட்டத்திலேயே கணித மன்றத்தார் ஒரு சிறு நாடகம் நடத்தியதைக் கணித ஆசிரியர் சுவையாக விவரித்தார். நாலணாவுக்கு இருபத்தைந்து நயாபைசா என்பது எளிது. ஓரணாவுக்கு ஆறேகால் வருவதால் ஆறு என்றும், மூன்று அணாவுக்குப் பதினெட்டே முக்கால் வருவதால் பத்தொன்பது என்றும் கொள்ள வேண்டும். ஓரணாச் சாமானைத் தனித்தனியாக நான்கு முறை வாங்குபவருக்கு இருபத்து நான்கும், ஒரே முறை நாலணாவுக்கு வாங்குபவருக்கு இருபத்தைந்தும் ஆகும் என்று மளிகைக் கடைக்காரர் வேடமிட்ட மாணவன் தலையில் கை வைத்து அழுதானாம். அந்த நாடகத்துக்குப் பின் ஊர்க் கடைத்தெருவில் பள்ளிப் பிள்ளைகளிடமே கணக்குக் கேட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னதில் சிறிது பெருமிதம் கலந்திருக்கலாம், இருந்தால்தான் என்ன?

நாட்டு நிகழ்ச்சிகள் பள்ளிக் கூட்டத்துக்குள் எவ்வாறு வந்தன என்பதற்கு ஏடுகளே சான்று. 1962 சீனப் போரின்போது தேசிய பாதுகாப்பு நிதிக்காக மன்ற நாடகத்துக்கு நுழைவுச் சீட்டு விற்றார்கள். நேரு அவர்கள் மறைந்த 1964 மே 27 கோடை விடுமுறையில் அமைந்ததால், இரங்கல் கூட்டம் ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளில்தான் நடைபெற்றது. 1965 பிப்ரவரி மாதப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டிருந்த காலம் அது. அதன்பின் எழுதப்பட்ட முதல் பக்கத்தில் போராட்டம் பற்றி ஒரு வரியும் இல்லை. அரசு ஊதியம் பெறும் ஆசிரியரின் எச்சரிக்கை அது என்று நான் கருதுகிறேன்.

ஓவிய ஆசிரியரின் பேரனாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மாணவர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் இதழ்களை அவர் எந்த நிபந்தனையும் இன்றித் தந்தார். மாதத்துக்கு ஒரே ஒரு படி. அதுவே வகுப்பு வகுப்பாகக் கைமாறி எல்லாராலும் படிக்கப்பட வேண்டும். அட்டையில் நீர்வண்ண ஓவியம், உள்ளே கட்டைப் பேனாவால் எழுதிய கதை, கவிதை, கட்டுரை, துணுக்கு. கடைசி இரண்டு பக்கங்கள் வாசகர் கருத்துக்கென வெறுமையாக விடப்பட்டிருக்கும். "கதை நன்று, முடிவு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது" என்று ஒருவர் எழுத, அதன் கீழே கதாசிரியர், "தெரிந்தும் ஏன் கடைசி வரை படித்தீர்?" என்று கேட்டிருக்கிறார். கண்காட்சியில் கூட்டம் அதிகம் நின்றது இந்த மேசையருகில்தான்.

சாரணர் படையைச் சேர்ந்தவர்கள் 1956 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் தண்ணீர் வழங்கியும், வழிதவறிய குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்த்தும் தொண்டாற்றிய படங்களைத் தந்தவர் எங்கள் ஊர்ப் போட்டோ ஸ்டுடியோ உரிமையாளர். தம் தந்தையார் எடுத்த கண்ணாடித் தகடுகளைத் துடைத்து, அச்செடுத்து, அதற்கான செலவையும் வாங்க மறுத்துவிட்டார். 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின்போது, அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் ஊர்தோறும் பொதுமக்கள் தம் பள்ளிக்கு வேண்டியதைத் தாமே கொடுக்க முன்வந்தார்கள். எங்கள் பள்ளிக்கு அவ்வாறு வந்தவை பெஞ்சுகள், சுவர்க் கடிகாரம், பீரோ, ஒரு ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியை வழங்கிய ரைஸ் மில் குடும்பத்தார், அதன் கூம்பையும் பழைய ரசீதையும் இப்போது கண்காட்சிக்கு அனுப்பி வைத்தார்கள்.

இப்போதைய தலைமையாசிரியர் அம்மையார் நடுக்கூடத்தைத் தந்ததோடு, ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை ஏடுகளைக் கணினியில் தட்டச்சு செய்யும் பணியிலும் ஈடுபடுத்தினார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த லை, னை ஆகியவற்றைக் கண்டு முதலில் திகைத்த பிள்ளைகள், விரைவிலேயே எங்களைவிட வேகமாகப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், வெள்ளிக்கிழமை மன்றத்தை மீண்டும் வருகைப் பதிவேட்டு வரிசையில், இம்முறை மாணவியரையும் சேர்த்து நடத்தத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார்கள். அதற்கும் தனியாக நன்றி. பைண்டிங் செய்து தந்தவர், பந்தல் போட்டவர், உணவளித்த மகளிர் குழுவினர், பொருளுதவி செய்த வெளியூர் அன்பர்கள் ஆகியோருக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 1963–64 மன்ற நிர்வாகிகள் குழுப்படத்தில் நிற்பவர் வரிசையில் இடமிருந்து நான்காமவரும் ஆறாமவரும் யார் என்று இதுவரை தெரியவில்லை. அடையாளம் தெரிந்தவர்கள் பள்ளி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். தொகுதிகளைப் பள்ளி வேலை நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகு நூலகத்தில் படிக்கலாம். கையெழுத்துப் பத்திரிகைகளுக்கு இன்னும் ஒரே படிதான் என்பதால் அவை வீட்டுக்குத் தரப்பட மாட்டா.

நன்றியுடன்,
பழைய மாணவர் ஏடு தொகுப்புக் குழுவின் சார்பில்,
ஒருங்கிணைப்பாளர்