காகித ஐஸ் எப்போது உருகும்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. மாடி வகுப்பை இந்த ஆண்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடு, கேட்கத் தயங்காதே. இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருக்கோடி வாய்க்கால்கூட மூன்று நாளாக நிறைந்து ஓடுகிறது. குறுவை நடவு நடப்பதால், மணி அடிப்பதற்கு வெகு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அம்மாக்கள் வயலுக்கு ஓடுகிறார்கள். வகுப்பு வாசல் முழுக்கச் சேற்றுக்கால் தடம்.

மழலையர் வகுப்புக்கு ஒரு வாரம் முழுக்க ஐஸ்கிரீமை வைத்தே பாடமும் கைவேலையும் நடத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். கூடவே அச்சுத் தாள் ஒன்றையும் வைத்திருக்கிறாய். கோன் படம், அதன்மேல் மூன்று வட்டம், வட்டத்துக்குள் பஞ்சு ஒட்ட வேண்டும். இதே தாளைப் போல ஒன்றை நானும் போன கோடையில், விடுமுறைக்கு முந்தைய வாரங்களில், என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பத்தொன்பது பிள்ளைகள். பத்தொன்பது கோன். எல்லாவற்றிலும் ஒரே அளவில் பஞ்சு, ஒரே இடத்தில் சிவப்புப் பொட்டு. சுவரில் வரிசையாக ஒட்டினேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒருவன் மட்டும் ஒட்டத் தரவில்லை. கோயில் வாசலில் பூக்கட்டும் பாட்டியின் பேரன், நாலு வயது. சாப்பாட்டுக்குப் பிறகு தேடினால் வாசற்படி வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையில் காகிதக் கோனை நிமிர்த்திப் பிடித்திருக்கிறான், இன்னொரு கையைக் குவித்து அதன் அடியில் ஏந்தியிருக்கிறான். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னடா செய்கிறாய்?"

"உருகினால் கையில் பிடிப்பதற்கு, டீச்சர்."

காகிதம் உருகாது என்றேன். கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எறும்புகூட வரவில்லை," என்றான். அதைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஐஸ் என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் பின்னால் கட்டிய பெட்டி, மூடியைத் திறந்ததும் எழும் வெண்புகை, முழங்கை வரை வழிவதற்குள் தின்று தீர்க்கிற அவசரம், தின்று முடித்த பிறகும் வாயிலேயே கிடக்கும் குச்சி. பயிற்சிப் பள்ளி விடுதி வாசலில் நாம் இருவரும் ஒரே சேமியா ஐஸை மாற்றி மாற்றிக் கடித்தது நினைவிருக்கிறதா? இதில் எதுவுமே என் அச்சுத் தாளில் இல்லை. ஐஸ்கிரீம் பாடத்திலிருந்து குளிரையும் உருகுவதையும் எடுத்துவிட்டு, வட்டமும் முக்கோணமும் மட்டும் கொடுத்திருக்கிறேன். உன் வாரத்தை அப்படித் தொடங்காதே. முதல் நாள் அவர்கள் கையில் பனிக்கட்டியைக் கொடு.

நான் மறுநாள் அதைத்தான் செய்தேன். மீன் கடைக்கு இறக்கும் ஐஸ்பாரில் கொஞ்சம் உடைத்து வாங்கினேன். வாயில் வைக்க அல்ல, தொட்டுப் பார்க்க மட்டும். ஒரே அளவில் மூன்று கட்டி. ஒன்றை எவர்சில்வர் தட்டில் வைத்தேன். இன்னொன்றை மண்சட்டியில். மூன்றாவதை, அரிசி ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒரு வாளி உமிக்குள் புதைத்தேன். எது முதலில் உருகும் என்று கேட்டேன். உமிதான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஏன் என்றால், "போர்த்தினால் சூடாகிவிடும் டீச்சர்." அவர்கள் சொன்னதில் பிழை சொல்ல முடியுமா? மார்கழியில் போர்வை அவர்களுக்கு அதைத்தானே செய்கிறது!

தட்டில் இருந்தது முதலில் கரைந்தது. உலோகம் சுற்றுப்புறத்து வெப்பத்தைச் சட்டென்று கடத்திவிடும். மண்சட்டிக் கட்டி அதற்குப் பிறகு. உமி வாளியை மதிய உணவு முடிந்துதான் கிளறினோம். எல்லாத் தலையும் வாளிக்குள். பொன்னிற உமி அப்பிக்கொண்டு, ஓரம் மழுங்கி, ஆனால் முக்கால் வாசி அப்படியே கட்டி உள்ளே இருந்தது. ஒரு பெண் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு, "ஐஸ் தூங்குகிறது, எழுப்பாதீர்கள்," என்றாள். போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துகிறது என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் நாலு வயதுக்கு ஏறியிருக்காது. சொல்லவே இல்லை. அடுத்த நாள் அவர்களே தண்ணீர்ப் பானையைச் சுற்றி உமி கொட்டலாமா என்று கேட்டார்கள்.

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருக்கிறாய் அல்லவா? அது 1842இல் பனிக்கட்டி சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் உமி வாளியும் அந்தக் கப்பலும் செய்தது ஒரே வேலை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஐஸ் உடைக்க உதவிக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு இதைச் சொன்னபோது வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

மொழிப் பாடத்தை நான் தேடிப் போகவில்லை, அது தானாக வந்தது. 'ஐ' எழுத்துக்கு ஐந்து, ஐவர் என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறோம்! 'ஐ'யை எழுதியதுமே வகுப்பு முழுக்க "ஐஸ்" என்று கத்தியது. சரி என்று ஏற்றுக்கொண்டேன். ஐஸ்கிரீமுக்குத் தமிழில் பனிக்கூழ் என்ற சொல்லும் இருக்கிறது என்றேன். "கூழா? மாரியம்மன் கோயில் கூழா?" என்றான் ஒருவன். ஆடி மாதத்துக் கேழ்வரகுக் கூழ் அவனுக்குத் தெரியும். பனியும் தெரியும், மார்கழி விடியலில் வைக்கோல் போரின் மேல் பார்த்திருக்கிறான். இரண்டையும் சேர்த்து அவனே பொருள் சொல்லிவிட்டான். இப்படிப் பிரித்துத் திறக்க வருகிற சொல்லைக் குழந்தைகள் மறப்பதில்லை. இரண்டு சொல்லும் இருக்கட்டும், ஒன்றுக்காக இன்னொன்றைத் திருத்தாதே.

கைவேலை பிறகுதான். கோனுக்கு அச்சு வேண்டாம். கடலைப் பொட்டலம் சுருட்டத் தெரிந்த ஒரு தாத்தாவை அழைத்துவந்தேன். பழைய செய்தித்தாளை ஓரத்திலிருந்து பிடித்து, விரலைச் சுற்றி ஒரு சுழற்று, அடி நுனியை ஒரு முறுக்கு. பிள்ளைகள் சுருட்டியவை சில அகன்றன, சில ஊசியாக நீண்டன, ஒன்று அடியில் ஓட்டை. ஓட்டைக் கோன்காரி அதில் கல்லைப் போட்டுப் போட்டு, எது விழுகிறது எது நிற்கிறது என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. மேலே வைக்கும் உருண்டைக்கு வாய்க்கால் கரைக் களிமண். சிறியது, பெரியது, அதைவிடப் பெரியது என்று அடுக்கும்போது, பெரியதை மேலே வைத்தால் கோன் சாய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அடி கனம், தலை லேசு.

நிறத்துக்குக் கடைச் சாயம் வாங்கவில்லை. பீட்ரூட் சாறு, முருங்கைக்கீரைச் சாறு, மஞ்சள் கரைத்த தண்ணீர். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டேன், ஆரத்தி போலச் சிவந்தது. அந்த நொடியில் வகுப்பு மூச்சு விடவில்லை. சுண்ணாம்பை நீயே கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.

குச்சிகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். குவிந்துவிட்டன. கொதிநீரில் போட்டு எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் கொடுத்தேன். பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் வளையம் போட்டோம். 'பதினான்கு' என்றால் ஒரு கட்டும் நாலு குச்சியும். எண்களைவிட எனக்குப் பிடித்தது வேறு. நம் எழுத்துகளில் வளைவுதான் அதிகம், நேர்க்கோட்டில் அடங்குபவை குறைவு. 'ட'வுக்கு இரண்டு குச்சி, 'ப'வுக்கு மூன்று. இரண்டையும் செய்து அடுத்தடுத்து வைத்தார்கள். ப, ட, ப, ட. மெதுவாக எழுத்துக் கூட்டிய ஒருத்தி திடீரென்று "படபட!" என்று படித்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் தானாகப் படித்த முதல் சொல் அது. இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

கடைசி நாள் உண்மையான ஐஸ்கிரீம். இயந்திரம் வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த பால் இரண்டு டம்ளர், சர்க்கரை, ஏலக்காய். மூடி இறுக்கமான சின்ன எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, பெரிய வாளிக்குள் வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. வெறும் ஐஸில் வைத்தால் பால் சில்லென்று ஆகுமே தவிர உறையாது, ஏனென்றால் சர்க்கரை கலந்த பால் 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் உறையும். உப்பு சேர்ந்த ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயும் உருகிக்கொண்டே இருக்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அளவு சரியாக அமைந்தால் அந்தக் கலவை -21 டிகிரி வரைகூட இறங்க முடியும். ஆகவே யாரும் வெறுங்கையால் அதைத் தொடக் கூடாது. தூக்கின் பிடியில் துணி சுற்றிக்கொள். மீன் கடை ஐஸ் என்பதால் உப்புத் தண்ணீர் மூடி வரை ஏறாமலும் பார்த்துக்கொள். பிள்ளைகள் முறை வைத்துப் பிடியைத் திருகினார்கள், இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. அதுவே எண்ணும் பாடம். இடையிடையே திறந்து ஓரத்தில் உறைந்ததை நான் சுரண்டிவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உப்பு வேதாரண்யத்து உப்பு. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக நடந்து போய் அள்ளிய மண்ணின் உப்பு. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன். சின்னவர்களுக்கு வேறு கதை. 1905இல் பதினோரு வயது அமெரிக்கப் பையன் ஒருவன் சோடாப் பொடி கரைத்த தண்ணீரில் கலக்கும் குச்சியைப் போட்டு, இரவெல்லாம் வாசலில் மறந்துவைத்தான், விடிந்தால் குச்சி ஐஸ் ஆகியிருந்தது என்று சொல்வார்கள். மறுநாள் காலை மூன்று அம்மாக்கள் என்னிடம் வந்தார்கள், "டீச்சர், வாசலில் டம்ளரோடு குச்சி வைத்துவிட்டுத் தூங்குகிறானே!" நம் ஊர் இரவில் ஏன் உறையவில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் பேச ஒரு முழுக் காலை போயிற்று. நல்ல காலை.

சளி பிடிக்கும் என்று இரண்டு பாட்டிகள் ஆட்சேபித்தார்கள். முன்னதாகவே எல்லா வீட்டிலும் கேட்டு, பால் ஒவ்வாத ஒரு குழந்தைக்கு எலுமிச்சைச் சாற்றைத் தனித் தூக்கில் உறையவைத்தேன். ஆளுக்கு ஒரு கரண்டிதான். நீயும் இதில் அசட்டையாக இருக்காதே.

பூக்காரப் பாட்டியின் பேரன் தன் கரண்டியை வாங்கிக்கொண்டு நேரே வாசற்படிக்குப் போனான். ஒரு சொட்டைக் கல்லில் விட்டான். மீதியைத் தின்றபடி குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொட்டு பரவி, பால் நிறத்தில் ஒரு வட்டம் ஆயிற்று. சிறிது நேரத்தில் படியின் வெடிப்பிலிருந்து ஒரு கறுப்பு எறும்பு தலை நீட்டியது, பிறகு இன்னொன்று. "வந்துவிட்டது டீச்சர்," என்று என் புடவையைப் பிடித்து இழுத்தான்.

உன் வாரம் எந்தத் தேதியில் என்று எழுது. கோயம்புத்தூரில் உமி கிடைக்கவில்லை என்றால் ஒரு மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பெரியவளின் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று ஒரு வரியும் எழுதவில்லையே, அதையும் எழுது.

அன்புடன்,
உன் தோழி