ஸ்டூடியோ டிஸ்க்கைக் காப்பாற்றியவர்களுக்கு

ஹட்டன்,
தை மாதம்.

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்து ஆல்பத்தைச் சேமிக்கப் போனபோது கொம்பியூட்டர் முடியாது என்றுவிட்டது. டிஸ்க்கில் இடமில்லை. 4 டெராபைட் டிஸ்க் அது. விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. அதனால் திரையில் 3.63 என்றுதான் காட்டும். அந்த 3.63உம் தீர்ந்துவிட்டது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய நாளிலிருந்து புது டிஸ்க் வாங்குவதை "அடுத்த சீசனுக்குப் பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான்.

எங்கள் தொழிலில் இடத்தைத் தின்பது லேயர்தான், அதாவது போட்டோஷொப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படப் படலம். 12க்கு 36 அங்குல ஆல்பம் தாள் ஒன்றை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் திறந்தால் 3,600க்கு 10,800 புள்ளிகள். தாள் முழுவதையும் மூடும் ஒரு லேயருக்கே 117 எம்பி வேண்டும். அதன்மேல் பூ, சட்டகம், மாப்பிள்ளை, பொண்ணு, பெயர், தேதி. முப்பது தாள் கல்யாணம் ஒன்று சுலபமாக 15 ஜிபியைத் தாண்டும். அதையே லேயரெல்லாம் ஒன்றாகிய தட்டையான ஜேபெக் ஆக்கினால் அரை ஜிபி. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூட என்னிடம் ஆயுள் இல்லை என்பதும் தெரியும்.

முதல் நன்றி பேராதனையில் படிக்கும் கொட்டகலைத் தம்பிக்கு. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் ஒரு ஃபோல்டரையே மாற்றலாம் என்று எங்கோ படித்துவிட்டு, நானே தட்டச்சு செய்து பார்த்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் நாற்பது தாள் ஆல்பம் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படமாகக் கிடந்தது. ஒரு படத்தில் பொண்ணின் கை மட்டும். ஒன்றில் ரோஜா. ஒன்றில் வெறும் நிழல். ஒவ்வொரு லேயரையும் தனித்தனியே பிரித்துப் போட்டிருக்கிறது. தம்பிக்கு போன் செய்தேன். சிரித்து முடிக்கவே அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. "அண்ணே, கோப்புப் பேருக்குப் பின்னால சதுர அடைப்புல ஒரு பூச்சியம் போடுங்க. லேயரெல்லாம் சேர்ந்த தட்டைப் படம் ஒன்னும் அந்தக் கோப்புக்குள்ளயே இருக்கும், அதுக்கு நம்பர் பூச்சியம்." அந்தப் பூச்சியத்துக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

வேலை முடியும்வரை அசல்மேல் கை வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவர்தான். அந்த மென்பொருளில் மொக்ரிஃபை என்று ஒரு கட்டளை உண்டு. வேறு வடிவமோ வேறு ஃபோல்டரோ குறிப்பிடாமல் ஓட்டினால் அசலின் மேலேயே எழுதிவிடும். இதைக் கேட்டபோது என் உள்ளங்கை வியர்த்தது. முதல் நாள் அதைத்தான் ஓட்ட இருந்தேன்.

அசலைத் தொடாமல் வேலை செய்ய இன்னொரு டிஸ்க் வேண்டுமே. தன் வகுப்புப் பிள்ளைகளின் கடந்தகால வினாத்தாள்கள் இருந்த 2 டெராபைட் டிஸ்க்கை மார்கழி விடுமுறை முழுவதற்கும் தந்த கணித டீச்சருக்கு நன்றி. டீச்சர், உங்கள் ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. ஒரு கோப்பும் கூடவில்லை, குறையவில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் வேலையை அப்போதே வைத்துக்கொண்டோம். மூன்று இரவு கொம்பியூட்டர் தொடர்ந்து ஓடியது. இரண்டாம் இரவு மழையில் கரண்ட் போனது. பக்கத்து ஹாட்வெயார் முதலாளி தன் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துத் தந்தார், டீசலுக்குக் காசும் வாங்கவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. இந்தப் பந்தியை என் மகன் அவருக்குச் சிங்களத்தில் சொல்லிக் காட்டுவான்.

நுவரெலியாவில் பதாகை அச்சடிக்கும் அண்ணனுக்கு நான் இரண்டு நன்றி சொல்ல வேண்டும். முதலாவது நிறத்துக்கு. அச்சுக்கென்று சிஎம்வைகே என்ற நான்கு மை நிறத்தில் செய்த திருவிழாப் பதாகைகளை அப்படியே ஜேபெக் ஆக்கியபோது, மஞ்சள் சேலை கட்டிய மாரியம்மன் என் பழைய படப்பார்வையாளரில் நீலமாகத் தெரிந்தாள். பயந்துவிட்டேன். எந்த நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிற புரொஃபைலோடு சேர்த்து, திரைக்கான ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்ற வேண்டும் என்று போனிலேயே சொல்லித் தந்தார். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023இல் நடந்த 'மலையகம் 200' நிகழ்வுகளுக்காகச் செய்த பதாகைகளும் அதே ஃபோல்டரில்தான் இருந்தன, அவையும் தப்பின.

இரண்டாவது பெரியது. எல்லாவற்றையும் தட்டையாக்கிவிட்டு லேயர் கோப்புகளை அழிக்கப் போகிறேன் என்றேன். "கண்ணீர் அஞ்சலிக்கு என்னடா செய்வே?" என்று கேட்டார். சரியான கேள்வி. தோட்டத்து லயத்தில் ஒரு பெரியவர் போய்விட்டால் விடிவதற்குள் பதாகை வேண்டும், அவர் நல்ல சட்டையோடு நிற்கும் படம் வேண்டும். அது பேத்தியின் சடங்கிலோ மகனின் கல்யாணத்திலோ எடுத்ததாகத்தான் இருக்கும். கமெராவிலிருந்து வந்த மூலப் படங்களை இரண்டு வருடத்தில் நான் அழித்துவிடுவேன். ஆளை மட்டும் அழகாக வெட்டி எடுத்த லேயர் அந்த ஆல்பக் கோப்புக்குள் மட்டும்தான் மிச்சம். அதனால் தம்பி கட்டளையை மாற்றி எழுதினார்: தாள்கள் ஜேபெக், வெட்டிய ஆட்கள் மட்டும் பின்னணி இல்லாத பிஎன்ஜி. வேலை இரட்டிப்பானது. போகட்டும்.

தம்பியின் மடிக்கணினியில் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் பழைய ஆல்பங்களில் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவைப் பொருத்திய பழைய எழுத்துரு அது. பாமினி இல்லாத கணினியில் எழுத்து லேயரைத் தொட்டால் மணமக்களின் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடுகிறது. தட்டையான படத்தில் அந்தப் பயம் இல்லை. இடம் மிச்சமாவதற்காகத் தொடங்கிய வேலையில் இது கேட்காமல் கிடைத்தது.

ஸ்டூடியோவில் வேலை செய்யும் தங்கச்சியை மறக்க முடியாது. மாற்றிய படங்கள் அத்தனையையும் கண்ணால் பார்த்தவள் அவள். 2019ஆம் வருட ஃபோல்டரில் தாளுக்குத் தாள் வெள்ளையாக வந்து, நடுவில் தட்டைப் பிரதி இல்லாமல் சேமித்த கோப்பு இது என்ற அறிவிப்பு மட்டும் இருந்ததைக் கண்டுபிடித்தாள். குற்றவாளி நான். அந்த வருடம் இடத்தை மிச்சம் பிடிக்கவென்று போட்டோஷொப்பில் அந்த வசதியை நானே நிறுத்தியிருந்தேன். பூச்சியம் அங்கே பலிக்கவில்லை. கோப்புகளை மொத்தமாக மாற்றும் போட்டோஷொப்பின் இமேஜ் ப்ரொசஸரில் போட்டு எடுக்க இன்னும் இரண்டு நாள் போனது. அவள் பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு வருடத்துக் கல்யாணங்கள் வெள்ளைத்தாளாகவே இருந்திருக்கும்.

அப்பாவின் நெகட்டிவ்களுக்கு வருகிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறுவதற்கு முன் எங்கள் கடைக்கு வந்து எடுத்துக்கொண்ட படங்கள் அவை. தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களில் பலரின் முகம் இங்கே அந்த நெகட்டிவில்தான் இருக்கிறது. அவற்றை 16 பிட் வண்ண டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து வைத்திருந்தேன், ஒன்று 170 எம்பி. கண்டியில் நூலகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பார்த்துவிட்டு, "கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்கு மூன்று நிறம்?" என்றார். சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் 57 எம்பி. அதற்குமேல் தரம் குறையாத ஸிப் சுருக்கம் மட்டும். இவற்றை ஜேபெக் ஆக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கினார். ஐயா, சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

முகம் தெரியாத ஒருவருக்கும் நன்றி: 1987இல் டூபொன் கம்பனியில் வேலை செய்துகொண்டே இமேஜ்மேஜிக்கை எழுதத் தொடங்கிய ஜோன் கிறிஸ்டி. ஹட்டனில் ஒரு கடை அதை மார்கழிக் குளிரில் ஓட்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகே லேயர் கோப்புகளை அழித்தேன். இப்போது டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. 2012க்கும் 2019க்கும் இடையில் எங்களிடம் ஆல்பம் செய்தவர்கள் பென் டிரைவோடு வந்தால் பிரதி தருகிறோம், காசு வேண்டாம். கல்யாண வருடத்தைச் சொன்னால் போதும், ரசீது தேட வேண்டாம். பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டு.

நன்றியுடன்,
ஸ்டூடியோக்காரன்