கெண்டைக்காலும் கம்பீர நாட்டையும்

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு என் கெண்டைக்கால்தான் காரணம். சிரிக்காமல் கேள்.

போன மாதம் கொலஸ்டிரால் கூடியிருக்கிறது என்று டாக்டர் அடோர்வாஸ்டாடின் எழுதிக் கொடுத்தார். ராத்திரி ஒன்று. போட்டோமா, படுத்தோமா என்று இருந்திருக்கலாம். படுத்தபடியே போனில் அதன் பேரைத் தட்டினேன். இப்போது எல்லாம் தமிழிலேயே கிடைக்கிறதே! முன்பெல்லாம் மாத்திரை அட்டையோடு மடித்து வைத்த காகிதத்தை எவன் படித்தான்? தசைவலி வரலாம் என்று நாலு இடத்தில் போட்டிருந்தது. விடியும்போது வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சத்தியமாக நடிப்பில்லை, மாடிப்படி இறங்க முடியவில்லை. நாலாம் நாள் நானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

வீட்டில் இவள் மூன்று வருஷமாக அதே மாத்திரைதான். அந்தக் காகிதத்தைப் பிரித்ததே இல்லை. "வலி உங்க காலிலயா, போனிலயா?" என்று கேட்டாள்.

டாக்டர் திட்டுவார் என்றுதான் போனேன். திட்டவில்லை. அபூர்வமாகத் தசை நிஜமாகவே கெடுவதுண்டு, வலியை வந்து சொன்னதே நல்லது என்று ரத்தப் பரிசோதனை பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்புறம் லண்டனில் நடந்த ஒரு சோதனையைச் சொன்னார். 2020-ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் இந்த வகை மாத்திரையை விட்டுவிட்ட 60 பேர். ஒரு வருஷத்தில் நாலு மாதம் நிஜ மாத்திரை, நாலு மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, நாலு மாதம் எதுவுமில்லை, எல்லாம் கலைத்துப்போட்டு. விழுங்குவது நிஜமா வெறுமா என்று அவர்களுக்குத் தெரியாது. உபாதைக்குத் தினமும் 100-க்கு இத்தனை என்று மார்க் போடவேண்டும். ஒன்றும் போடாத மாதங்களில் சராசரி 8. நிஜ மாத்திரைக்கு 16.3. வெறும் மாத்திரைக்கு 15.4! விவரத்தைக் காட்டியதும் பாதிப்பேர் திரும்ப மாத்திரைக்கே வந்துவிட்டார்களாம்.

அந்த 15.4-ஐ மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, மாப்பிள்ளை. வலித்திருக்கிறது.

யோசித்தால், பாட்டுக்குப் புல்லரிப்பதும் இப்படித்தானே? காதில் விழுவது வெறும் சத்தம். மயிர் நட்டமாக நிற்பது நம் கையில். 2001-ல் மான்ட்ரியாலில் பத்து இசைக்காரர்களை அவரவருக்குப் புல்லரிக்கிற இசையைக் கொண்டுவரச் சொல்லி, கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். சாப்பாட்டுக்கும் போதைக்கும் விழித்துக்கொள்கிற இடங்கள் இதற்கும் விழித்துக்கொண்டன. எனக்குப் பிடித்தது அதில் இருந்த தந்திரம்தான்: ஒப்பிட்டுப் பார்க்க, இவன் கொண்டுவந்த பாட்டை அவனுக்குப் போட்டார்கள். ஒருத்தனை உலுக்கியது இன்னொருத்தனுக்குச் சும்மா ஒரு பாட்டு!

நெல்லையப்பர் கோயில் நினைவிருக்கிறதா? சுவாமி புறப்பாடு. நாதஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, அதுதான் புறப்பாட்டுக்கு வாசிப்பார்களே, எடுத்தார்கள், தவில் விழுந்தது. நான் கையைத் தடவிக்கொண்டு நிற்கிறேன், நீ "குளிருதாடே?" என்று கேட்டுவிட்டு அல்வா வாங்கப் போய்விட்டாய். நாற்பது வருஷமாக உனக்கு ரசனை போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் இவளுக்குக் கண்புரை ஆபரேஷன். காத்திருந்த கூடத்தில் மெல்லிசாகப் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவள் கை மடியில் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. என் போனில் அவளுடைய பழைய சினிமாப் பாட்டைப் போட்டு இயர்போனைக் காதில் வைத்தேன். இரண்டாவது சரணத்தில் திருகுவது நின்றது. விரல் தாளம் போட்டது.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். கால் பரவாயில்லை, இதை எழுதும்போது மட்டும் லேசாகச் சுருக்கென்கிறது. ஆனித் தேருக்குக் கட்டாயம் வா. உன் மூட்டுவலிக்கு என்னென்ன படித்தாய் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. எனக்கும் வந்துவிடும்.

உன்,
மாப்பிள்ளை